கட்டிலுக்கு இரண்டு பேர்

சிங்கப்பூர் வாசகர் கேள்விகளுக்கு, 34 ஆண்டுகள் வார்டில் நின்று ஓய்வுபெற்ற தாதி ஒருவர் 2023இல் எழுதிய பதில்கள்

இந்த மாதக் கடிதங்களைப் பிரித்து அடுக்கினேன். முதுகுவலி, முழங்கால்வலி, சர்க்கரை மாத்திரை எல்லாம் ஓரமாக ஒதுங்கிவிட்டன. பத்தில் ஏழு கடிதம் ஒரே சங்கதி: ஆஸ்பத்திரியில் இருக்கும் நம் ஆளைப் போய்ப் பார்ப்பது. காரணம் தெரிந்ததுதான். 2023 பிப்ரவரி 13ஆம் தேதி கொவிட் நோய்ப்பரவல் எச்சரிக்கை நிலை மஞ்சளிலிருந்து பச்சைக்கு இறங்கியது. எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் முகக்கவசம் கட்டாயமில்லை என்றானது. எங்கள் புளோக்கில் மூன்று வருஷமாகக் கண்ணை மட்டுமே பார்த்துப் பழகிய ஒரு பெண்ணுக்கு மூக்குத்தி இருப்பதே எனக்குப் போன வாரம்தான் தெரிந்தது. ஆனால் வார்டு வாசலில் அதன் பிறகும் கவசம் இருந்தது, ஆள் கணக்கு இருந்தது, நேரக் கணக்கு இருந்தது. கேள்வி வராமல் என்ன செய்யும்?

கடிதங்களில் இருந்த மருத்துவமனைப் பெயர்களையெல்லாம் எடுத்துவிட்டேன், திட்டியிருந்தாலும் சரி, புகழ்ந்திருந்தாலும் சரி. இடத்துக்கு இடம் விதி கொஞ்சம் மாறும். உங்கள் வார்டின் நேரத்தை உங்கள் வார்டிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஈசூன் வாசகி: மிஸ்ஸி அக்கா, என் மாமனார் நெஞ்சில் சளி கட்டி ஒன்பது நாளாக வார்டில் இருக்கிறார். காலையில் நெரிசலான எம்ஆர்டியில் எனக்குக் கவசம் வேண்டாம். கோப்பிக்கடையில் தோள் உரச உட்கார்ந்து பராட்டா சாப்பிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக் கூட்டத்தில் நீந்துகிறேன். அங்கெல்லாம் இல்லாத கிருமி, ஆறு கட்டில் வார்டில் மட்டும் எப்படி வந்து உட்கார்ந்துகொள்கிறது?

கிருமி ஆள் பார்த்து வருவதில்லை, தங்கச்சி. அது போய்ச் சேருகிற உடம்புதான் வேறு.

அடுத்த முறை போகும்போது மாமனாருக்கு இடப்பக்கம் யார், வலப்பக்கம் யார் என்று ஒரு கண் பாருங்கள். நான் கடைசியாக வேலை பார்த்த வார்டில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஒருவர் புற்றுநோய் மருந்து ஏற்றி வெள்ளையணு இறங்கிப்போனவர். ஒருவர் வாரம் மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர். ஒருவர் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர். இன்னொருவருக்கு 91 வயது, இருமக்கூடத் தெம்பு கிடையாது. நடுவில் தொங்குவது துணித்திரை. தேக்காவில் உங்களை இடிப்பவருக்கு உங்கள் தும்மல் பிடிக்காவிட்டால் நகர்ந்து போய்விடுவார். இவர்களால் நகர முடியாது.

2003இல் சார்ஸ் என்ற மூச்சுத்தொற்று வந்தபோது நான் வேலையில் இருந்தேன். இந்தச் சின்ன ஊரில் 238 பேருக்கு வந்தது, 33 பேர் போனார்கள். இறந்தவர்களில் ஐந்து பேர் மருத்துவ ஊழியர்கள். ஹாங்காங்கிலிருந்து திரும்பிய ஒரு நோயாளியிடமிருந்து அவரைக் கவனித்த தாதியருக்கும், அன்போடு பார்க்க வந்த சொந்தங்களுக்கும் பரவித்தான் அது இங்கே வேர்விட்டது. அந்த வருஷம் ஏப்ரல் கடைசியில் அரசாங்க மருத்துவமனைகளில் பார்வையாளரையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் சார்ஸில் ஒரு வசதி இருந்தது. காய்ச்சல் வந்த பிறகுதான் அது மும்முரமாகப் பரவும். வாசலில் காய்ச்சல்மானியோடு நின்றால் பெரும்பாலும் பிடித்துவிடலாம். கொவிட் அப்படியில்லை. தொண்டை கரகரப்பதற்கு ஓரிரு நாள் முன்பே, ‘எனக்கு ஒண்ணுமில்லை’ என்று சொல்லிக்கொண்டு நடமாடும்போதே, மூச்சில் வந்துவிடுகிறது. 2021 ஏப்ரல் கடைசியில் டான் டோக் செங் மருத்துவமனையில் ஒரு வார்டில் கொவிட் பரவத் தொடங்கியது நினைவிருக்கும். முதலில் தெரியவந்தவர்களில் ஒருவர் தடுப்பூசி முழுதாகப் போட்டிருந்த தாதி. கண்ணுக்குத் தெரியாமல் வருவதை வாசலில் நிறுத்த முடியாது, மூக்கில்தான் நிறுத்த வேண்டும். அதனால்தான் ஊர் முழுக்கக் கழற்றிய பிறகும் வார்டிலும் கிளினிக்கிலும் தாதிமை இல்லத்திலும் 2023இல் கவசத்தை விட்டுவைத்தார்கள்.

உங்கள் கோபத்தில் ஒரு பங்கு எனக்கும் உண்டு. விதி மாறுவது சரி, அது நோயாளியின் வீட்டுக்கு வந்து சேருவதில்லை. போன வருஷம் ஒரு மருத்துவமனை முகப்பில் ஒரு தாத்தாவைப் பார்த்தேன். இரண்டு பேருந்து மாறி வந்திருக்கிறார். கையில் பிளாஸ்க். மனைவி பெயரில் ஏற்கெனவே பதிந்த ஆட்கள் நிறைந்துவிட்டார்கள் என்று இயந்திரம் சிவப்பு விளக்கைக் காட்டியது. அவர் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார், அட்டையில்தான் கோளாறு என்று நினைத்து. ஒரு குறுந்தகவல் முந்தின நாள் போயிருந்தால் போதும்.

செங்காங் வாசகர்: என் ஆறு வயது மகள் தாத்தாவைப் பார்க்கணும் என்று அடம்பிடிக்கிறாள். கூட்டிப் போகலாமா?

பெரும்பாலான வார்டுகளில் 12 வயதுக்குக் கீழே வேண்டாம் என்பார்கள். விடுவார்கள் என்றாலும் நான் கூட்டிப் போகமாட்டேன். பிள்ளைகள் பாலர் பள்ளியிலிருந்து மூக்கொழுகலைக் கொண்டுபோவார்கள், கட்டில் கம்பியைத் தொட்ட கையை வாயில் வைத்துத் திரும்பிக் கொண்டுவருவார்கள். ஒரு படம் வரையச் சொல்லி வாங்கிப் போங்கள். பெரிதாக வரையச் சொல்லுங்கள், தாத்தாவிடம் கண்ணாடி இருக்கிறதோ இல்லையோ.

ஜூரோங் வெஸ்ட் வாசகர்: சிஸ்டர், நாங்கள் ஐந்து பிள்ளைகள். அப்பாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து அறுவை செய்திருக்கிறார்கள். நாலு பேர் பெயர்தான் பதிய முடியும், கட்டிலருகே ஒரு நேரத்தில் இரண்டு பேர் என்கிறார்கள். யார் அந்த நாலு பேர் என்று வீட்டில் பெரிய சண்டை. மூத்த அண்ணன், அண்ணி, நான், என் தங்கை என்று முடிவாகி, கடைசித் தம்பி பேசுவதை நிறுத்திவிட்டான். நம் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவருமா?

ஒத்துவராது. நாம் ஆஸ்பத்திரிக்குப் போவதே கல்யாணத்துக்குப் போவதுபோல. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கட்டிலைச் சுற்றிப் பதினாலு பேர் நின்றதை எண்ணியிருக்கிறேன். நோயாளி எங்கே என்று நானே தேடினேன். வந்தவர்களில் ஒருவர் பாயசம் விநியோகித்தார்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அண்ணன், அண்ணி, நீங்கள், தங்கை. இரண்டாவது பக்கத்தில் வேறு எதற்கோ ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ‘அப்பாவைக் குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது எல்லாம் வீட்டுப் பணிப்பெண்தான், நாலு வருஷமாக.’ அந்தப் பெண்ணின் பெயர் உங்கள் பட்டியலில் இல்லையே, ஏன்?

பட்டியல் என்றதும் நாம் உரிமையைப் பார்க்கிறோம். மூத்தவன் முதலில், மருமகள் மனசு கோணக்கூடாது, தம்பி சின்னவன். வார்டுக்கு வேண்டியது அதுவல்ல. இந்த மனிதர் இரவில் எந்தப் பக்கம் புரண்டு படுப்பார், எந்த மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்துத் துப்புவார், வலித்தால் ‘ஒண்ணுமில்லை’ என்று சொல்கிற ரகமா, வலிக்காமலே கத்துகிற ரகமா என்று தெரிந்த ஒரே ஒரு ஆள். அது அண்ணனாக இருந்தால் அண்ணன். பெரும்பாலும் அண்ணன் கிடையாது. இடுப்பு அறுவைக்குப் பிறகு இயன்முறைச் சிகிச்சையாளர் அப்பாவை எழுப்பி நடக்கவைக்கும்போது, வீட்டில் அவரைத் தூக்கி நிறுத்தப்போகிற ஆள் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள வேண்டும். அண்ணி கற்றுக்கொண்டுவந்து வீட்டில் வாயால் சொல்லிக்கொடுத்தால், கழிப்பறை வாசலில் இரண்டாவது இடுப்பும் முறியும்.

ஆகவே முதல் பெயர் பணிப்பெண். இரண்டாவது, மருத்துவரிடம் பேசுகிற ஆள். அந்த வேலைக்கு ஒருவர் மட்டும். நாலு பிள்ளைகளும் நாலு நேரத்தில் வந்து ஒரே கேள்வியை நாலு தாதியரிடம் கேட்டு, நாலு விதமாகப் புரிந்துகொண்டு, மறுநாள் ‘அவங்க இப்படிச் சொன்னாங்களே’ என்று வந்து நிற்பதை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். அந்த ஒருவர் தடித்த அட்டை நோட்டு ஒன்று வாங்கி, தேதி போட்டு எழுதி, வீட்டு வாட்ஸ்அப் குழுவில் படமெடுத்துப் போடட்டும். வார்டுக்குத் தொலைபேசி செய்வதென்றால் காலை ஏழு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் செய்யாதீர்கள், அது பணி மாறும் நேரம். மற்ற இரண்டு இடத்தை நீங்கள் சண்டை போட்டுப் பங்கிட்டுக்கொள்ளலாம். பட்டியலை மாற்றலாமா என்று வார்டில் கேளுங்கள், நாள் கடந்தால் மாற்ற விடுகிற இடங்களும் உண்டு. தம்பிக்கு வீடியோ அழைப்பு. பேசமாட்டேன் என்கிறானா, அப்பாவைப் பேசச் சொல்லுங்கள்.

தெம்பனீஸ் வாசகி: என் கணவருக்குப் பக்கவாதம். வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது, மற்றபடி நினைவு நன்றாக இருக்கிறது. மருத்துவமனைச் சாப்பாடு கூழ்போல இருக்கிறது, தண்ணீரைக்கூட ஏதோ பவுடர் கலந்து கொழகொழவென்று கொடுக்கிறார்கள். ‘ஒரு வாய் ரசம் கொடு’ என்று கண்ணில் தண்ணீர் வைக்கிறார். பிளாஸ்கில் கொண்டுபோனால் தாதி பிடுங்காத குறையாக வாங்கி வைத்துவிட்டார். இவ்வளவு கெடுபிடி தேவையா?

இதற்குப் பதில் சொல்லும் யோக்கியதை எனக்கு உண்டா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஏனென்றால் போன வருஷம் மே மாதம் அதே ரசத்தோடு நான் பிடிபட்டேன்.

என் வீட்டுக்காரருக்கும் பக்கவாதம்தான், இடது மூளையில் சின்ன அடைப்பு. கட்டில் தலைமாட்டில் வண்ண அட்டை மாட்டியிருந்தது: திரவம் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். அந்த அட்டையை நானே ஆயிரம் கட்டிலில் மாட்டியிருக்கிறேன். நான்காம் நாள் அவர், ‘நீயும் அவங்க மாதிரிதானா’ என்றார். அவ்வளவுதான். மறுநாள் கைப்பையில் சின்ன பிளாஸ்க். மிளகு தூக்கலாக, பருப்புத் தண்ணீர் விட்டு, வடிகட்டி. திரையை இழுத்துவிட்டேன். வடிகட்டியதால் தொண்டையில் எதுவும் சிக்காது என்று எனக்கு நானே சமாதானம். 34 வருஷ அனுபவம்! முதல் கரண்டி. கண்ணை மூடினார், முகம் மலர்ந்தது. இரண்டாவது கரண்டி. இருமவே இல்லை. பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்தேன். பிறகு ‘நல்லா இருக்கு’ என்றார். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோலக் களகளவென்று வந்தது.

அந்தக் குரல் எதற்கு அடையாளம் என்று எனக்குத் தெரியும். பக்கவாதத்தில் விழுங்கும் தசை ஒரு கணம் தாமதமாகவே மூடும். ரசமும் தண்ணீரும் கோப்பியும் வேகமாக ஓடுகிறவை. தசை மூடுவதற்குள் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நமக்கென்றால் புரையேறி இருமிக் கக்கிவிடுவோம். இவர்களில் பலருக்கு அந்த இருமலே வராது. சத்தமில்லாமல் நுரையீரலுக்குப் போய், இரண்டு மூன்று நாளில் நிமோனியாக் காய்ச்சலாக வரும். பவுடர் கலப்பது அந்த ஓட்டத்தை மெதுவாக்கத்தான். வடிகட்டியதால் நான் ரசத்தை இன்னும் வேகமாக்கியிருந்தேன்.

விழுங்கு சிகிச்சைக்கு வரும் பெண், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, திரையை விலக்கிக்கொண்டு வந்தார். பிளாஸ்கைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் யார் என்று வார்டில் எல்லோருக்கும் தெரியும். திட்டவில்லை. ‘ஆன்ட்டி, என்ன ரசம்?’ என்று கேட்டார். சொன்னேன். என் வீட்டுக்காரர் முன்னாலேயே அந்த ரசத்தில் பவுடரை அளந்து கலந்து, கரண்டியைச் சாய்த்தால் எவ்வளவு நேரத்தில் வழிய வேண்டும் என்று காட்டினார். இவர் அதைச் சாப்பிட்டுவிட்டு, ‘கஞ்சி மாதிரி இருக்கு, ஆனா ரசம்தான்’ என்றார். நான்கு நாளாக அந்தப் பெண்ணிடம் ‘இதைக் கலந்து கொடுக்கலாமா’ என்று கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. நிமோனியா வரவில்லை. என் சாமர்த்தியம் எதுவுமில்லை அதில்.

ஆகவே தங்கச்சி, ஒளித்துக் கொண்டுபோகாதீர்கள், காட்டிக் கொண்டுபோங்கள். அரிசிக்கஞ்சியும் ஆபத்துதான். பருக்கை ஒரு வேகத்திலும் தண்ணீர் ஒரு வேகத்திலும் போகும். ஐஸ்கிரீம் கெட்டிதானே என்று நினைப்போம், வாயில் உருகினால் அதுவும் தண்ணீர். மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமா என்பதையும் கேட்டே செய்யுங்கள், சில மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது.

உட்லண்ட்ஸ் வாசகி: என் அம்மாவுக்கு 78 வயது, கொஞ்சம் மறதி உண்டு. சிறுநீர்த் தொற்றுக்காகச் சேர்த்தோம். இரவானால் குழாய்களைப் பிடுங்குகிறாராம், கத்துகிறாராம். கைக்கு உறைபோலக் கட்டியிருந்தார்கள், பார்த்ததும் அழுதுவிட்டேன். இரவில் கூட இருக்க விடமாட்டேன் என்கிறார்கள்.

‘பார்வையாளராக’ இருக்க வேண்டும் என்று கேட்டால் விடமாட்டார்கள். ‘பராமரிப்பாளராக’ என்று கேளுங்கள். சொல் விளையாட்டு இல்லை இது. 2021 செப்டம்பர் 24 முதல் வார்டுகளை அடியோடு மூடிய காலத்தில்கூடச் சிலருக்குக் கதவு திறந்தே இருந்தது: கவலைக்கிடமாக இருப்பவர்கள், பிள்ளை நோயாளிகள், பிரசவத் தாய்மார்கள், கூடுதல் கவனிப்பு தேவைப்படுகிறவர்கள். மறதியுள்ள உங்கள் அம்மா கடைசி வகை. வார்டின் தாதியர் மேலாளரைப் பகலில் பார்த்து, ‘அம்மாவுக்கு மறதி நோய் உண்டு, இரவில் குழம்பிப்போகிறார், ஒருவரைப் பராமரிப்பாளராகப் பதிந்துகொள்ள முடியுமா’ என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். முடிவு அவர்கள் கையில். ஆனால் கேட்டவர்களுக்குத்தான் கிடைக்கிறது.

கண்ணாடி, காதுக்கருவி, அதன் பேட்டரி, பல்செட். இவை நாலும் வீட்டு அலமாரியில் இருந்தால் இன்றே கொண்டுபோங்கள். தொலைந்துவிடும் என்று வீட்டில் வைக்கிறோம். கண்ணும் தெரியாமல் காதும் கேட்காமல், முகம் மூடிய ஆட்கள் ராத்திரியில் வந்து கையைப் பிடித்தால் நீங்களும் நானும்கூடக் கத்துவோம்.

இன்னொன்று. அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தானே? ஒரு தாளில் அவர் வழக்கமாகச் சொல்லும் சொற்களை ஆங்கில எழுத்தில் பெரிதாக எழுதி, பக்கத்தில் அர்த்தம் எழுதி, தலைமாட்டில் ஒட்டச் சொல்லுங்கள். தண்ணி. ஒண்ணுக்கு. வலிக்குது. குளுருது. என்னோடு வேலை பார்த்த சீனத் தாதி ஒருவர் ஒரு பாட்டியைப் பற்றிக் குறிப்பேட்டில் ‘இரவு முழுவதும் தன் தாயாரைக் கூப்பிடுகிறார், மனக்குழப்பம்’ என்று எழுதியிருந்தார். பாட்டி சொன்னது ‘அம்மா... அம்மா...’. தமிழச்சிக்கு வலி வந்தால் வேறு என்ன சொல்வாள்? நான் காலையில் போர்வையை விலக்கிப் பார்த்தேன். குதிகாலில் படுக்கைப்புண். அன்றிலிருந்து என் தாளில் முதல் சொல் ‘அம்மா’, பக்கத்தில் அர்த்தம்: வலி.

பெயர், ஊர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்: 2021 அக்டோபரில் என் தாயார் போனார். கொவிட் இல்லை, இதயம். மூன்று வாரம் பார்க்க விடவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு அழைத்து, ‘உடனே வாங்க’ என்றார்கள். டாக்சியில் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. இப்போது கோப்பிக்கடையில் ஆட்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு எரிகிறது. கேள்வி ஒன்றுதான். அவர் தனியாகவா போனார்?

ஐயா, அந்த வார்டில் அன்றிரவு நான் இல்லை. உங்கள் அம்மாவைப் பற்றி நான் எதையும் உறுதி சொன்னால் அது பொய்யாகிவிடும். இரவுப் பணியில் நான் என்ன செய்வேன், எங்களுக்கு என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்பதைச் சொல்கிறேன்.

முடிவு நெருங்குகிறது என்று மூச்சு காட்டிக்கொடுக்கும். விட்டு விட்டு வரும், நீண்ட இடைவெளி விழும். அப்போதுதான் வீட்டுக்கு அழைப்போம். அழைத்துவிட்டுத் திரையை இழுப்போம். வாய் உலர்ந்திருக்கும், கடற்பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் நனைத்து உதட்டையும் நாக்கையும் ஈரப்படுத்துவோம். தலையணையைச் சரித்து, ஒருக்களித்துப் படுக்கவைப்போம், சளி தொண்டையில் தங்காதபடி. பேர் சொல்லித்தான் தொடுவோம், பதில் வராது என்று தெரிந்தாலும். ‘மேடம், நான் உங்களைத் திருப்பப்போகிறேன்.’ கேட்கும் புலன்தான் கடைசி வரை நிற்கும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் சொல்வார்கள். நாங்களும் அப்படியே நடந்துகொண்டோம். பக்கத்து வார்டில் மணியடித்தால் ஒருத்தி ஓடுவாள், இன்னொருத்தி நிற்பாள். எல்லா இரவும் அப்படி அமைந்தது என்று சொல்லமாட்டேன். ஆள் போதாத இரவுகள் இருந்தன, அந்த வருஷம் நிறையவே இருந்திருக்கும்.

உங்களுக்கு உண்மை வேண்டும் என்றால் இரண்டு வழி உண்டு. மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் நெருங்கிய உறவினர் என்ற முறையில் அறிக்கை கேட்டு விண்ணப்பிக்கலாம், கட்டணம் உண்டு. அதில் மருந்தும் நேரமும் இருக்கும், கையைப் பிடித்தது யார் என்று இருக்காது. அதற்கு, அந்த வார்டின் தாதியர் மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். புகார் என்று தலைப்பிடாமல், தேதியையும் கட்டில் எண்ணையும் போட்டு, அன்றிரவு பணியில் இருந்தவரிடம் பேச முடியுமா என்று. ஒன்றரை வருஷம் ஆகிவிட்டதே என்று தயங்காதீர்கள். எனக்கு அப்படி ஒரு மகன் மூன்று வருஷம் கழித்து வந்தார். அவர் அம்மாவை எனக்கு நினைவிருந்தது. காலில் மெட்டி கழற்றவிடமாட்டார்.

அன்று விதியைப் போட்டவர்கள் தப்பு செய்ததாக நான் நினைக்கவில்லை. உங்கள் எரிச்சலையும் தப்பென்று நினைக்கவில்லை. இரண்டையும் ஒன்றுக்கொன்று வைத்துச் சரிக்கட்டச் சொல்லி என்னிடம் கேட்காதீர்கள்.

காக்கி புக்கிட்டிலிருந்து, வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதியில் இருக்கும் ஒரு தம்பி: அக்கா, என் அறை நண்பன் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறான். அவன் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். நான் வேலை முடிந்து லாரி விடுதிக்கு வரும்போதே எட்டரை ஆகிவிடுகிறது, பார்க்கும் நேரம் முடிந்துவிடுகிறது. அவன் அம்மா தினமும் எனக்குப் போன் செய்து அழுகிறார். என்ன சொல்வது?

தம்பி, சொந்தம் இல்லை என்று உள்ளே விடமாட்டார்கள் என்ற பயம் வேண்டாம். உங்கள் நண்பன் ‘இவர் என் ஆள்’ என்று சொல்லிப் பெயர் பதிந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை மதியம் போங்கள். வார நாளில் ஒருநாளாவது தாமதமாக வர விட முடியுமா என்று வார்டில் கேட்கச் சொல்லுங்கள், கட்டிலில் இருந்தபடி அவனே கேட்கலாம். வார்டுக்கு மருத்துவச் சமூக ஊழியர் ஒருவர் இருப்பார். அவரைப் பார்க்க வேண்டும் என்றும் அவனைச் சொல்லச் சொல்லுங்கள். வேலையில் பட்ட காயம் என்றால் சட்டப்படி சிகிச்சைச் செலவும் மருத்துவ விடுப்புச் சம்பளமும் முதலாளி பொறுப்பு. விழுந்த தேதி, நேரம், இடம், யார் பார்த்தார்கள் என்பதை இப்போதே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். சிக்கல் வந்தால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தில் போய்ச் சொல்லலாம்.

அம்மாவுக்கு ‘சின்ன அடிதான்’ என்று சொல்லாதீர்கள். கால் முறிந்தது, அறுவை நடந்தது, இத்தனை வாரம் ஊன்றக்கூடாது என்று உள்ளதைச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டதைத்தான் அந்தம்மா ராத்திரியெல்லாம் பெரிதாக்கிக்கொண்டிருப்பார். ஊருக்கும் இங்கேயும் இரண்டரை மணி நேரம் வித்தியாசம். இங்கே மாலை ஆறு மணிக்குச் சாப்பாட்டுத் தட்டு வந்திருக்கும், அங்கே மூன்றரை. அந்த நேரம் நண்பன் வீடியோவில் கூப்பிட்டு, சாப்பிடுவதைக் காட்டட்டும். காலைக் காட்ட வேண்டாம், தட்டைக் காட்டினால் போதும், தாய்க்கு அதுதான் வேண்டும். பக்கத்துக் கட்டில்காரர் படத்தில் விழக்கூடாது, காதில் இயர்போன் இருக்க வேண்டும். நீங்கள் போகும்போது நீளமான ஒயர் உள்ள சார்ஜர் ஒன்று வாங்கிப் போங்கள். கட்டிலிலிருந்து சுவர் மின்செருகி எட்டாது, கால் முறிந்தவனுக்கு இன்னும் எட்டாது.

அங் மோ கியோ வாசகி: ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தால் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்கிறார் மாமியார். இது கொவிட்டுக்காகவா, தீட்டுக்காகவா?

வார்டிலிருந்து வெளியே வரும்போது கையை நன்றாகக் கழுவினால் கிருமிக்கு அது போதும். உடை மாற்றினால் நல்லது. கொவிட்டுக்கு முன்பும் என் மாமியார் என்னைத் தினமும், மூன்று ஷிஃப்டிலும், தலைக்குக் குளிக்கவைத்தார். காரணம் கேட்டதில்லை. இரவுப் பணி முடிந்து வரும்போது வெந்நீர் போட்டு வைத்திருப்பார், நானும் கேட்காமல் குளித்துவிடுவேன்.